தாலி நிழல்

தாலியைக் கழற்றச் சொன்னதற்காக என்னை அடிக்க வந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பேஷண்டுகளின் மாமியார்கள். மூன்றாவது ஆள் வாலாஜாபேட்டையிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை. கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. "இன்னாம்மா, நான் உயிரோட இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?" என்று மேசையைத் தட்டினான். நான் சும்மா இருப்பேனா? "உன் உயிர் அந்த அரைப் பவுன்லதான் தொங்குதுன்னா நீ வந்து படு, மொதல்ல உனக்கு ஸ்கேன் எடுக்கிறேன்" என்றேன். டாக்டர் உள்ளேயிருந்து ஓடி வந்து அவனைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரு இடத்தில் நான் திறக்காமல் இருந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வேலூரில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அந்தச் சென்டர் இப்போது இல்லை, அது இருந்த கட்டடமும் இல்லை. ரிடையர் ஆன டாக்டர் ஒருவர், வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று கழித்துப் போட்ட காமா கேமராவை வாங்கி வந்து நடத்தினார். எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் உறுப்பின் உருவத்தைக் காட்டும். எங்கள் கேமராவுக்கு உருவத்தைப் பற்றிக் கவலை இல்லை, உறுப்பு வேலை செய்கிறதா என்றுதான் அது பார்க்கும். கையில் ஒரு ஊசி போடுவோம். அந்த மருந்தில் மிகக் கொஞ்சமாகக் கதிர்வீச்சு இருக்கும். ரத்தத்தில் வரும் குப்பையைப் பொறுக்குவதற்கென்றே கல்லீரலில் சில செல்கள் உண்டு. அவை இந்த மருந்தையும் குப்பை என்று நினைத்துப் பொறுக்கி வைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து வயிற்றுக்கு மேலே கேமராவை இறக்கினால், திரையில் புள்ளி புள்ளியாகக் கல்லீரல் எழும்பி வரும். கத்தி இல்லை, வயிற்றைக் குத்திச் சதை எடுக்கிற வேலை இல்லை. புற்று வந்த இடத்தில் அந்தக் குப்பை பொறுக்கும் செல்கள் இருக்காது. சுற்றிலும் புள்ளிகள் நிறைந்திருக்க, அந்த இடம் மட்டும் கருப்பாக நிற்கும். நாங்கள் அதை ஓட்டை என்போம்.

மருந்துக்கு வேண்டிய கதிர்வீச்சுச் சரக்கு பம்பாயிலிருந்து வாரா வாரம் ஒரு ஈயப் பெட்டியில் வரும். தினமும் காலையில் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்கு எங்கள் தொழிலில் மாடு என்று பேர். எடுப்பதைக் கறப்பது என்போம். பஸ்ஸில் யாரிடமாவது, "காலைல மாடு கறந்து வச்சிட்டு வந்தேன்" என்று சொன்னால், "அணைக்கட்டுப் பக்கமாம்மா வீடு?" என்று கேட்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி எத்தனை எருமை என்பதுவரை கதை விட்டிருக்கிறேன்.

கேமராவுக்கும் உடம்புக்கும் நடுவில் உலோகம் இருக்கக் கூடாது. இருந்தால் கதிர் அங்கே மறிபடும், படத்தில் அந்த இடத்திலும் ஓட்டை விழும். ஆண்களிடம் பெல்ட், சில்லறை, இடுப்புக் கயிற்றுத் தாயத்து எல்லாவற்றையும் அதட்டி வாங்கிவிடலாம். பெண்களிடம் தாலியை வாங்க முடியாது. இந்து, கிறிஸ்தவர் என்று இதில் வித்தியாசமே கிடையாது. பைபிள் வசனத்தை மூச்சுவிடாமல் சொல்லும் எங்கள் சபைப் பெண்கள்கூடத் தாலி என்றதும் கழுத்தைப் பொத்திக்கொள்வார்கள். எங்கள் தாலியில் சிலுவை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கழற்றினால் புருஷனுக்கு ஆகாது என்ற பயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். "செயினை முதுகுப்பக்கம் தள்ளிப் போட்டுக்கிட்டுப் படுங்க" என்போம். அவர்களும் தள்ளிப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். முதுகில் உறுத்தும். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மெல்ல முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். படத்தில் நடு வயிற்றுக்கு மேலே, கல்லீரலின் இடது பாகம் மேல், சின்னதாக ஒரு ஓட்டை விழும். மறுபடி எடுக்க நேரம் இருக்காது. நான் மெழுகு பென்சிலால் அந்த ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'தாலி' என்று எழுதிவிடுவேன். டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டு, "தாலியா?" என்பார். "தாலிதான் சார்" என்பேன். நாலைந்து வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒருமுறைகூடத் தப்பு வந்ததில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோ ஒருவருக்கு வந்திருந்தால் நான் எச்சரிக்கையாக இருந்திருப்பேனே என்று நினைக்கிற அளவுக்கு நான் பிற்பாடு கெட்ட மனுஷியாகிவிட்டேன்.

என் அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவள் வேலைக்குப் போனதால்தான் நான் டெக்னீஷியன் கோர்ஸ் படித்தேன். அவள் எனக்கு நேரெதிர். போர்டில் செருப்பை வெளியே விடவும் என்று எழுதியிருந்தால், உள்ளே எல்லோரும் செருப்போடு நடந்தாலும் அவள் மட்டும் வெளியே விட்டுவிட்டு வருவாள். "உன்ன மாதிரி ஆளுங்கள வச்சித்தான்க்கா கவர்மெண்டே நடக்குது" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வாள்.

அவள் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு மஞ்சள் காமாலை வைரஸ் ரத்தத்தில் தங்கியிருப்பதாக வந்தது. அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மெஷினில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைக்கிறவள். கம்பெனி டாக்டர் பொறுப்பான ஆள். இந்த வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் புற்று வரலாம், வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அல்ட்ராசவுண்ட் எடுக்க வைத்தார். அதில் இடது பாகம் வாயுவில் மறைந்து சரியாகத் தெரியவில்லை. ஐசோடோப் ஸ்கேன், அதாவது எங்கள் சென்டரில் எடுக்கிற ஸ்கேன், எடுத்தால் தேவலை என்று எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் என் வேலை என்னவென்றே தெரியாது. அக்காவாவது வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மே மாதம். வெளியே வெயில் கொளுத்தியது. கல்கத்தாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கியவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அக்காவை வரிசையைத் தாண்டி உள்ளே கூட்டிப் போனேன். ஸ்டாஃப் சொந்தம் என்றால் எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. டோக்கன் கிடையாது, கார்டு கிடையாது. மற்ற பேஷண்டுகளுக்குக் கார்டில் ஆறு கேள்வி இருக்கும், ஒன்றொன்றாகக் கேட்டு டிக் போடுவேன். அதில் நாலாவது, உலோகம் எல்லாம் கழற்றியாகிவிட்டதா என்பது. அக்காவுக்குக் கார்டே போடவில்லை. வெளியிலிருந்து வந்த பெங்காலிக்காரருக்குக் கிடைத்த கவனம் என் சொந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை, காரணம் அவள் என் சொந்த அக்கா.

ஊசி போட்டேன். கால் மணி நேரம் காக்க வைத்தேன். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் இன்னொரு பேஷண்டுக்கு ஊசி தயார் செய்யப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் மேசையில் படுத்து, கழுத்துவரை பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு தயாராக இருந்தாள். துணிக்கு அடியில் தாலி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன். முதுகுப்பக்கம் தள்ளிப் போட்டுக்கோ என்றுகூட அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் எத்தனையோ பெண்களிடம் கூசாமல் சொல்கிற எனக்கு, கூடப் பிறந்தவளிடம், அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, தாலியில் கை வை என்று சொல்ல என்னவோ போலிருந்தது. இந்த நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான்.

திரையில் அக்காவின் கல்லீரல் எழும்பி வந்தது. அழகாக வந்தது. இடது பாகத்தில் ஒரு சின்ன ஓட்டை. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன், நடுவில் அவள் இருமிவிட்டாள், படம் கலங்கிப்போனது. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது, திருப்பி எடுக்கவில்லை. பென்சிலை எடுத்தேன், வட்டம் போட்டேன், எழுதினேன்.

"தாலியா?" என்றார் டாக்டர்.

"தாலிதான் சார். எங்க அக்காதான்."

"அப்படியா, வாங்கம்மா" என்று அவளைக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். டீ வாங்கி வரச் சொன்னார். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் எழுதிக் கையில் கொடுத்தார். மாமா ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்து எங்கள் சென்டரில் எல்லோருக்கும் கொடுத்தார். நானும் இரண்டு எடுத்துத் தின்றேன்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் அன்று ஆம்பூரில் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா இளைத்திருந்தாள். ரவிக்கைக் கை தொளதொளவென்று இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து முழுக்க மத்தியானம் உபவாசம் இருந்தாள், அதனால்தான் என்று மாமா சொன்னார். அக்காவும் அதையே சொன்னாள். பசி கம்மி, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு முட்டுகிறது என்றாள். ரிப்போர்ட் நார்மல் என்று வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா, மாமா, பிளஸ் டூ பரீட்சை முடித்திருந்த அவர்கள் மகள், நான். எனக்குப் பேச்சு ஜாஸ்தி. முந்தின வாரம் சென்டரில் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ரகளை செய்த ஒரு அம்மாவைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மாராப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, கண்ணை உருட்டி, "என் வூட்டுக்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா வருவ?" என்று அந்த அம்மா குரலில் கத்தினேன். மாமாவுக்குப் புரையேறியது. அக்கா மகள் தரையில் உருண்டு சிரித்தாள்.

அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஸ்கேனுக்கு வந்தப்போ நான் ரகளையே பண்ணலையே. நீ அந்த ரூமுக்குப் போனதும் கழட்டி பர்ஸ்ல வச்சிட்டேன்."

என் கையிலிருந்த கறித் துண்டு தட்டில் விழுந்தது.

"எதைக் கழட்டின?"

"செயினைத்தான். அதான் செவுத்துல போர்டு வச்சிருந்தீங்களே, உலோகம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு. எங்களுக்கு இன்னா, தெனமும் பழக்கம். மெஷின்ல மாட்டிக்கும்னு கம்பெனிக்குள்ள போகும்போதே கழட்டிடுவோம். மொத மொத கழட்டச் சொன்னப்போ அழுதோம். இப்போ வேர்வை துடைக்கிற மாதிரி ஆய்டுச்சி."

மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆம்பூர் கம்பெனிப் பெண்கள் தாலியைக் கழற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அக்கா சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று செயினை மாட்டிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தது ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று தலைக்குள் தனித்தனியாக இருந்திருக்கிறது. துணிக்கு அடியில் தங்கம் இல்லை. தங்கம் இல்லாத இடத்தில் நிழல் எங்கிருந்து வந்தது?

கையைக் கழுவிவிட்டு, "அந்த ஃபிலிம் எங்கக்கா வச்சிருக்க?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா பீரோவிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாலியின் நிழல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, நூற்றுக்கணக்கில் பார்த்தவள். மேலே செயினின் கோடு லேசாக இறங்கி வரும், ஓரம் வெட்டினாற்போல இருக்கும். இதில் கோடு இல்லை. ஓரம் மங்கலாக, உருண்டையாக, அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. சுற்றி என் வட்டம். பக்கத்தில் என் கையெழுத்து.

"இன்னா அவ்ளோ நேரமா பார்க்கிற?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"நாளைக்கு ஒருவாட்டி சென்டருக்கு வாக்கா. மெஷின் சர்வீஸ் பண்ணியிருக்காங்க, சும்மா எடுத்துப் பார்க்கலாம்."

"கம்பெனில லீவு போடணுமே."

"போடு" என்றேன். அதட்டிவிட்டேன் போலிருக்கிறது, மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் கார்டு போட்டேன். ஆறு கேள்வியும் கேட்டேன். அவள் கழுத்தை என் கையாலேயே தடவிப் பார்த்தேன். கேமரா இறங்கியது. திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. இடது பாகத்தின் பாதி இல்லை. வலது பாகத்தில் தனித்தனியாக மூன்று இடத்தில் கருப்பு. இன்னும் புள்ளி விழட்டும், நிரம்பிவிடும் என்று காத்திருந்தேன். மற்ற இடமெல்லாம் மேலும் மேலும் நிரம்பியதே தவிர அந்த இடங்களில் ஒரு புள்ளி விழவில்லை. அக்கா மேசையில் படுத்தபடி, "ஏசி ஜில்லுனு இருக்குது" என்றாள்.

டாக்டர் புதுப் படத்தை மாட்டினார். பக்கத்தில் பழைய படத்தை நானே மாட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் எழுத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ கேட்டியா?"

"கேக்கல சார்."

அவர் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும் கேக்கலையே" என்றார். வாஷ்பேசினுக்குப் போய் முகம் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த சர்ஜனுக்குப் போன் போட்டார்.

சர்ஜன் சி.டி. எடுத்தார், ரத்தம் பார்த்தார், எங்கள் பழைய ஃபிலிமையும் வாங்கிப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார், தொழில் தெரிந்தவள் என்பதால். இடது பாகத்தில் அது ஒன்று மட்டும் இருந்த காலத்தில் அறுத்து எடுத்திருக்கலாம், கல்லீரல் மறுபடி வளரக்கூடியது என்றார். இப்போது அறுக்க இடமில்லை என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து மாமாவிடம், ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்கு அதில் நிம்மதி.

அக்காவை வார்டில் சேர்த்தார்கள். அங்கேதான் இன்னொரு தண்டனை ஆரம்பித்தது. "என் தங்கச்சிதான் கண்டுபிடிச்சா" என்று வருகிற போகிற எல்லோரிடமும் அக்கா சொன்னாள். நர்ஸுகளிடம் சொன்னாள், பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ண வந்த போதகரிடம் சொன்னாள். கம்பெனியிலிருந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்த தோழிகளிடம், "சோறு துன்னுட்டு இருந்தவ, என் மூஞ்சப் பார்த்ததும் எழுந்து போய் ஃபிலிமை எடுத்துப் பார்த்தா தெரியுமா? டாக்டருங்களுக்கே தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது" என்று விவரமாகச் சொன்னாள். அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் வார்டு அமைதியாக இருந்தது. மாமா சாப்பிடப் போயிருந்தார். அக்காவின் கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. வயிறு உப்பியிருந்தது. நான் ஈரத் துணியால் அவள் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "நீ மட்டும் பார்க்கலன்னா இந்நேரம் இன்னா ஆயிருக்குமோ" என்று அவள் ஆரம்பித்தாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, போன வருஷமே இருந்துச்சி."

"இன்னா சொல்ற?"

"மொத படத்துலயே இருந்துச்சி. சின்னதா. நான்தான் அது உன் தாலின்னு நெனச்சி எழுதி வுட்டுட்டேன்."

அவள் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே கழற்றி மாமாவிடம் கொடுத்திருந்தாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் அப்படி என்னைப் பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேக்க மனசு வரலக்கா. உன்னைப் போய்த் தாலியக் கழட்டுன்னு எப்படிச் சொல்றது? மாமா வேற வெளிய இருந்தாரு…"

"அவருக்கு ஏதாவது ஆய்டும்னா?" என்றாள். பிறகு, "அவருக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்காரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள். அழலாம் என்று பார்த்தேன், அழுகை வரவில்லை.

அப்போதுதான் அக்கா மகள் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். ஏதோ கல்லூரி விண்ணப்பப் படிவத்தையும் வைத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் முடிவு பண்ணிட்டேன். சித்தி மாதிரி ஸ்கேன் கோர்ஸ்தான் சேரப்போறேன். சித்தி கண்டுபிடிச்சதாலதானே நமக்கு இவ்ளோவாவது தெரிஞ்சிது. இல்லையாம்மா?" என்றாள்.

அக்கா, "அவளையே கேளு" என்றாள்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். பதினேழு வயது முகம். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் கண்கள் என் வாயைத்தான் பார்த்தன.

"ஆமாம்" என்றேன்.

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தாள். என்னிடம் தண்ணீர் கேட்டாள், தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள், மகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தங்கச்சிதான் கண்டுபிடிச்சா என்று மட்டும் அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் சொன்னபடியே படித்தாள். சில வருஷம் கழித்துச் சென்னையில் பெட் (PET) என்கிற புது ஸ்கேன் வந்தபோது அந்த வேலையில் சேர்ந்தாள். ஒருமுறை தன் கண்ட்ரோல் ரூமுக்கு என்னைக் கூட்டிப் போனாள். ஆள் நடமாட்டம் இல்லாத ஞாயிறு காலை. அவர்கள் மருந்து ஒரு மாதிரிச் சர்க்கரை. புற்று அந்தச் சர்க்கரைக்குப் பேராசைப்பட்டு இழுத்துக்கொள்ளும், அதனால் எங்கள் காலத்துக்கு நேர்மாறாகப் புற்று இருக்கும் இடம் விளக்கு போட்டது போல எரியும். கல்லீரல் புற்று சில சமயம் இதற்கும் மசியாமல் ஒளிந்துகொள்ளும், அதற்கு வேறு மருந்து தேடுகிறார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். திரையில் யாரோ ஒருவரின் கல்லீரலில் இரண்டு இடம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. யாரும் வட்டம் போட வேண்டிய அவசியமே இல்லாமல் எரிந்தது.

"அம்மா காலத்துல இது இல்லாம போச்சே சித்தி" என்றாள். "இந்த மெஷின் மட்டும் இருந்திருந்தா ஆரம்பத்துலயே காட்டியிருக்கும்."

"இருந்த மெஷினே காட்டிச்சிடி" என்றேன்.

அவள் திரையிலிருந்து திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போடாத கார்டு, போர்த்தியிருந்த துணி, இருமல், பென்சில், பர்ஸ், பதினோரு மாதம். டெக்னீஷியனிடம் டெக்னீஷியன் சொல்வது போலச் சொன்னேன், வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் அவளுக்கு அந்தந்த இடத்தில் போய் விழுவது முகத்தில் தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ சொன்னீங்க?"

"நீ பிளாஸ்க் எடுத்துக்கிட்டு வந்தியே, அன்னிக்கு. நீ உள்ள வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி."

அவள் கணக்குப் பார்ப்பது போல மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்போ, அவளையே கேளுன்னு அம்மா சொன்னது, நீங்க எங்கிட்ட உண்மையைச் சொல்லணும்னுதான்."

நான் திரையில் எரிந்துகொண்டிருந்த அந்த இரண்டு இடங்களைப் பார்த்தேன்.

"நீங்க ஆமாம்னு சொன்னீங்க சித்தி. அம்மா கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தாங்க."